தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, மாமியார் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இது எனக்கு இரண்டாவது பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. கொடி இன்னும் விழவில்லை. நுனி கறுத்துச் சுருங்கிக் காய்ந்துவிட்டது. அடியில், தோலோடு ஒட்டும் இடத்தில் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம் பிசுபிசுப்பு, லேசான வாடை. கிளிப் அப்படியே இருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறாள், காய்ச்சல் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், பெரியவன் பிறந்தபோது ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டுப் பவுடர் தூவச் சொன்னார்கள். இந்த முறை "எதுவும் போடாதீங்க, காய விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார் நேற்று ஊரிலிருந்து வந்தார். "ஒன்பது நாளாச்சு, நாற்றம் வருது, ஒண்ணும் போடாம வச்சிருக்கீங்களே" என்று ஒரே சத்தம். வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெயில் உரைத்துச் சுற்றிப் போட்டால் இரண்டே நாளில் விழுந்துவிடுமாம். கிண்ணம் தயாராக இருக்கிறது. அம்மாவோ நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். யார் சொல்வது சரி?

நைட் டூட்டி எழுதியது:

பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியராக இருக்கிறேன். முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கொடியைப் பார்க்காதீர்கள், அதைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். கொடி செத்த திசு. அது கறுக்கும், பிசுபிசுக்கும், லேசாக வாடை வரும். அது பிரிந்து விழுகிற வழியே அதுதான். ஆனால் சுற்றியுள்ள வயிற்றுத் தோல் மற்ற இடம் போலவே இருக்க வேண்டும்.

அந்தத் தோல் சிவந்து, சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால், தொட்டால் சுடுவதாகவோ கெட்டியாகவோ இருந்தால், தொட்டதும் குழந்தை வீறிட்டால், சீழ் வந்தால், அறைக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும் துர்நாற்றம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. குழந்தை பால் குடிப்பதைக் குறைத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, அக்குளில் 37.5 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலோ இரவு எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டும். உடம்பு 36.5-க்குக் கீழே குளிர்ந்து போவதும் ஆபத்துதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்தான் வரும் என்றில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் ஒன்பது நாள் ஒரு விஷயமே இல்லை. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் விழும். சிசேரியன் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகும். மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மலமோ மூத்திரமோ பட்டால் காய்ச்சி ஆறிய நீரில் துணியை நனைத்து அடிப்பாகம் வரை துடையுங்கள், பிறகு காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கொடியைத் தூக்கிப் பிடித்துத் துடைத்தால் வலிக்குமோ என்று பயப்பட வேண்டாம், அதில் நரம்பு இல்லை. டயப்பர் என்றாலும் துணி என்றாலும் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். வேறெதுவும் வேண்டாம். கிண்ணத்தை விளக்கிலேயே ஊற்றிவிடலாம்.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

மேடம், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் பெரியவனுக்கு ஸ்பிரிட், சின்னவனுக்கு ஒன்றுமில்லை. ஆறு வருடத்தில் மருத்துவமே மாறிவிட்டதா, அல்லது ஸ்பிரிட் வாங்கக் காசில்லாமல் நிறுத்திவிட்டார்களா? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். கிருமியைக் கொல்கிற மருந்தைப் போடாமல் இருப்பது எப்படி நல்லது?

நைட் டூட்டி எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. மருத்துவம் மாறி ரொம்ப நாளாகிவிட்டது, வார்டுகள்தான் மெதுவாக மாறின. உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே கொடிப் பராமரிப்பு பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டுச் சுத்தமாக, காய்ந்ததாக வைத்தால் போதும் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. நான் படிக்கும் காலத்தில்கூடச் சில இடங்களில் ஜென்ஷன் வயலட் தடவி, குழந்தை வயிறெல்லாம் ஊதாவாக இருக்கும். பழகிய கை நிற்க நாளாகும்.

கொடி எப்படி விழுகிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை, அவற்றைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு ஜெல்லி. கிளிப் போட்டதும் ரத்தம் நின்று, ஜெல்லியில் உள்ள நீர் வற்றி, வற்றல் மாதிரி ஆகிறது. அது வெறும் காய்தல். ஆனால் தோலிலிருந்து அது பிரிய, அடியில் வெள்ளை அணுக்கள் வந்து அந்தச் செத்த திசுவை அரித்தெடுக்க வேண்டும். அந்த அணுக்களை அங்கே வரவழைப்பதில் தோலில் குடியேறும் சாதாரணக் கிருமிகளுக்கும் பங்கு உண்டு. ஸ்பிரிட்டோ ஆன்டிபயாடிக் பவுடரோ போட்டு எல்லாவற்றையும் கொன்றால் வெள்ளை அணுக்கள் குறைவாக வரும், கொடி விழ நாளாகும். விழாத கொடியைப் பார்த்து இன்னும் மருந்து போடுவோம். இது ஒரு சுழல்.

அந்தச் சாதாரணக் கிருமி எங்கிருந்து வர வேண்டும் என்றால் அம்மாவின் தோலிலிருந்து. குழந்தையை மார்போடு அணைத்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவமனைக் கிருமி குடியேறுவதற்குள் வீட்டுக் கிருமி இடத்தைப் பிடித்துவிடும். பவுடரில் இன்னொரு தொல்லை, அது ஈரத்தோடு சேர்ந்து அடியில் கட்டியாகப் படியும். தூவும்போது குழந்தையின் மூச்சிலும் போகும்.

வேப்பங்காற்று எழுதியது:

பொறுமையாகப் படித்தேன். மருத்துவமனைக்காரர்கள் எப்போதும் இப்படித்தான், பத்து வருடம் ஒன்றைப் போடு என்பார்கள், அப்புறம் அதையே போடாதே என்பார்கள். வசம்புக்கு நம் ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். நம் பாட்டிகள் அதை வைத்துத்தானே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள்? விளக்கெண்ணெயும் மஞ்சளும் போட்ட நாமெல்லாம் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

இன்னொன்று. நேபாளத்தில் அரசாங்கமே கொடிக்கு மருந்து கொடுக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் "எதுவும் போடாதே" என்பது உலக விதி இல்லைதானே?

சந்தேகசாமி எழுதியது:

தட்டச்சு செய்துகொண்டிருப்பவர்கள் பிழைத்தவர்கள் ஐயா. பிழைக்காதவர்கள் இங்கே கணக்குத் தொடங்க முடியாது. என் அப்பாயி பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. போனதில் இரண்டு, "பாலைப் பிடிக்கல, வாய் இறுகிப் போச்சு, உடம்பு வில்லாட்டம் வளைஞ்சுது" என்று சொல்லித்தான் அழுவார். பிற்பாடுதான் புரிந்தது, அது இரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அருவாளில் அறுத்த கொடி, மேலே அடுப்புச் சாம்பல். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தெரியாது, அவ்வளவுதான்.

புறநோயாளி சீட்டு எழுதியது:

குழந்தை மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். வேப்பங்காற்று கேட்ட நேபாள விஷயம் முக்கியமானது, அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

நேபாளத்தின் தெற்கே சர்லாஹி மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் 4 சதவீதக் கரைசலைக் கொடியில் போட்ட குழந்தைகளிடம் இறப்பு 24 சதவீதம் குறைந்தது. அங்கே அப்போது பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான், மண் தரையில், கடுகெண்ணெய் தடவும் பழக்கத்தோடு. அந்தச் சூழலில் அந்த மருந்து உயிர் காத்தது. நேபாளம் அதை ஜெல்லாக்கி நாடு முழுவதும் கொண்டுபோனது. ஆனால் இதே ஆய்வை ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் செய்து 2016-ல் முடிவு வந்தபோது, இறப்பு குறையவில்லை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014-ல் சொன்னது இரண்டாகப் பிரிந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 30-ம் அதற்கு மேலும் உள்ள பகுதியில், வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் வாரம் குளோர்ஹெக்சிடின். மருத்துவமனையில் பிறந்தால் எதுவும் வேண்டாம். 2022-ல் இன்னும் சுருக்கிவிட்டார்கள். சாணம் போன்றவற்றைக் கொடியில் வைக்கும் பழக்கம் உள்ள இடங்களில் மட்டும் அந்த மருந்து, மற்ற எல்லோருக்கும் சுத்தமும் காய்ச்சலும் மட்டும். (காய்ச்சல் என்றால் ஜுரம் இல்லை, உலர்த்துவது. திருத்திவிடுகிறேன்: சுத்தமாக, உலர்வாக.)

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். நாம் சர்லாஹியில் இல்லை. அதோடு அந்த மருந்தைக் கண் சொட்டு என்று நினைத்துக் குழந்தையின் கண்ணில் விட்டுப் பார்வை பாதித்த சம்பவங்கள் சில ஆப்பிரிக்க நாடுகளில் நடந்தன. தேவையில்லாத இடத்தில் ஒரு புட்டி மருந்தும் சும்மா இருக்காது.

சந்தேகசாமி சொன்ன இரணஜன்னி பற்றி: தாய் மற்றும் பச்சிளங்குழந்தை இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே என்பதுதான் கணக்கு. கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் அப்படியேதான் இருக்கிறது. கர்ப்பத்தில் போட்ட ஊசியின் எதிர்ப்பு சக்தி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதால்தான் நாம் பிழைத்தோம், விளக்கெண்ணெயால் இல்லை.

வேப்பங்காற்று எழுதியது:

சரி, நேபாளம் பற்றி நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. வசம்பில் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொடியைப் பற்றி மட்டும் என்றால், வைக்காமல் விடுவதில் நஷ்டமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

புறநோயாளி சீட்டு எழுதியது:

வசம்பின் குணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது எந்தக் கடையில் எத்தனை மாதம் கிடந்தது, எந்தக் கல்லில் உரைத்தார்கள், எண்ணெய் எந்தப் புட்டி? கொடியின் சிரை பிறந்து சில நாள் வரை முழுதாக அடைபடாது. அது நேராகக் கல்லீரலுக்குப் போகிற வழி. அங்கே நுழையும் கிருமிக்கு ரத்தத்தில் கலக்க நேரமே ஆகாது. கையில் பட்ட புண்ணும் இதுவும் ஒன்றில்லை.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். நாங்கள் சும்மா மிட்வைஃப் என்றுதான் சொல்லுவோம். வந்தவுடன் கையைக் கழுவிவிட்டு முதலில் பார்ப்பது தொப்புளைத்தான். மனைவியின் அம்மம்மா நல்லெண்ணெயும் மஞ்சளும் குழைத்து வைத்திருந்தார். மிட்வைஃப் சண்டை போடவில்லை. "அம்மம்மா, இது தாய்க்குச் சமையலுக்குப் போடுங்கோ, பால் ஊறும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டா. அடுத்த நாள் அந்த மஞ்சள், பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குக் கறியில் கிடந்தது. டாக்டர் பத்துத் தரம் சொல்லிக் கேட்காத ஆள், மிட்வைஃப் ஒரு தரம் சொன்னதும் கேட்டது. துடக்கு (தீட்டு) வீட்டுக்குள் நேரே வந்து போகிற ஆள் என்றபடியால் அந்த மரியாதை என்று நினைக்கிறேன்.

நைட் டூட்டி எழுதியது:

நம் பக்கத்தில் அந்த வேலையைக் கிராம சுகாதாரச் செவிலியர் செய்கிறார். காவேரிக்கரை, உங்கள் துணை சுகாதார நிலையத்தில் சொன்னால் அவர் வந்து பார்ப்பார். உங்கள் மாமியாரிடம் அவரையே பேச வையுங்கள். சந்தேகம் என்றால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். அவசரம் என்றால் 108.

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தோலைப் பார்த்தேன், சிவப்பு எதுவும் இல்லை. செவிலியர் அக்காவுக்கும் போன் போட்டுவிட்டேன். கிண்ணம் இப்போதைக்கு அலமாரியில். ஆனால் மாமியார் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் எதுக்கு வந்தேன்" என்று கேட்கிறார். குளிப்பாட்டவும் கூடாதா? அவருக்குக் காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவதில் ஊரிலேயே பெயர்.

மூத்த மருமகள் எழுதியது:

நான் மூன்று பேரனைக் குளிப்பாட்டிய கிழவி. உங்கள் மாமியார் கேட்டதில் எண்ணெய் பாதி, மீதி வேறு. அறுபது வயதில் பஸ் ஏறி வந்தவருக்கு ஒரு வேலை வேண்டும் கண்ணு. வசம்பை வேண்டாம் என்று சொன்னீர்களே, அதற்குப் பதில் என்ன செய்யட்டும் என்று யாராவது சொன்னீர்களா?

என் மகள் வீட்டில் நான் செய்தது இது. சுட்ட வசம்பு மையை உள்ளங்காலில் பொட்டாக வைத்தேன். திருஷ்டிக்கும் ஆச்சு, தொப்புளுக்கும் தொந்தரவில்லை. கொடி விழும் வரை தினமும் ஈரத் துணியால் உடம்பு துடைத்து எடுத்தேன், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம். அதில் கை தேர்ந்தவர் யார், அம்மாவா மாமியாரா? தையல் வலியோடு இருக்கிற பெண்ணுக்கு அது முடியாது. அதை அவரிடம் கொடுங்கள். "அத்தை, நீங்க துடைச்சாதான் அழாம இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொடி விழுந்து அந்த இடம் காய்ந்ததும் காலில் போட்டு ஆசை தீரக் குளிப்பாட்டட்டும். அப்போதும் தொப்புளில் எண்ணெய் ஊற்றுவது, மூக்கில் காதில் ஊதுவது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நடுவில் நிறுத்தினால்தான் கோபம் வரும்.

சாம்பிராணிப் புகையைப் பற்றி நான் சொன்னால் என்னையே திட்டுவார்கள். இருந்தாலும் சொல்கிறேன், பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம்.

நைட் டூட்டி எழுதியது:

அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு சேர்க்கை. குளித்த தண்ணீர் கொடியில் பட்டுவிட்டால் பதற வேண்டாம். நனைவது பாவமில்லை, ஈரத்தோடு மூடிக் கட்டுவதுதான் கெடுதல்.

புதுக்கோட்டை பொன்னி எழுதியது:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் பையனுக்குக் கொடி விழுந்து இரண்டு வாரம். தொப்புளுக்குள் இளஞ்சிவப்பாகப் பட்டாணி அளவு ஒரு சதை, எப்போதும் ஈரமாக இருக்கிறது, சட்டையில் கறை படுகிறது. குழந்தை நன்றாக இருக்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள்.

புறநோயாளி சீட்டு எழுதியது:

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விவரம் கிரானுலோமா மாதிரி இருக்கிறது. புண் ஆறும்போது மிஞ்சிப் போன சதை, வலி இருக்காது. டாக்டர் சில்வர் நைட்ரேட் தொட்டு வைப்பார், அல்லது சாதாரணச் சமையல் உப்பு ஒரு சிட்டிகை வைத்துச் சிறிது நேரம் மூடித் துடைக்கச் சொல்வார். உப்பு சதையிலுள்ள நீரை உறிஞ்சிச் சுருங்க வைக்கும். கேட்க நாட்டு வைத்தியம் போல இருக்கும், ஆனால் வெளிநாட்டு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு மட்டும் செய்யுங்கள். ஏனென்றால் அதே மாதிரி தெரிகிற இன்னும் ஒன்றிரண்டு உண்டு. தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருந்தால், மூத்திரப்பையிலிருந்து தொப்புளுக்கு வரும் குழாய் மூடாமல் இருக்கலாம். அதற்கு உப்பு எதுவும் செய்யாது, அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

நாணயம் கட்டச் சொல்வது வேறு பிரச்சினைக்கு. அழும்போது தொப்புள் பந்து மாதிரி பிதுங்குமே, அதற்கு. அதுவும் தேவையில்லை. அந்தப் பிதுக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். நாணயத்துக்கு அடியில் வேர்த்துத் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

கூட்டுக் குடும்பம் எழுதியது:

ரத்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். கொடி விழும்போது துணியில் இரண்டு சொட்டு படுவது சகஜம். எங்கள் சித்தப்பா மகளின் குழந்தைக்கு அது நிற்கவே இல்லை. கசிந்துகொண்டே இருந்தது. முதலில் போன இடத்தில் ரத்தம் உறையும் பரிசோதனை எல்லாம் செய்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி கசிவு. பெரிய மருத்துவமனையில் ஒரு டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "சொந்தத்தில் கல்யாணமா?" ஆமாம், மாமன் மகன். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 13 என்ற புரதம் குறைபாடு என்று கண்டுபிடித்தார்கள்.

புறநோயாளி சீட்டு எழுதியது:

அருமையான பதிவு, எல்லோரும் படிக்க வேண்டியது. ஃபேக்டர் 13 இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே தொப்புளில் நிற்காத ரத்தம்தான். இது அரிய நோய், ஆனால் சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். கொடுமை என்னவென்றால் வழக்கமாக எடுக்கும் உறைவுப் பரிசோதனைகள் சரியாகவே வரும். ரத்தம் உறையும், ஆனால் அந்த உறைவு உறுதியாக நிற்காது. அதற்கென்று தனியாகச் சோதித்தால்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் பிற்பாடு மூளைக்குள் ரத்தக் கசிவு வரலாம். சிகிச்சை உண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் அந்த ஃபேக்டரை ஏற்றினால் குழந்தை சாதாரணமாக வளரும்.

இன்னொரு காரணம் வைட்டமின் கே குறைவு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஊசி அதற்குத்தான். வீட்டிலோ வழியிலோ பிறந்த குழந்தை என்றால் அது போடப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். கொடியிலிருந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேலை இல்லை.

ரெண்டு பிள்ளை அப்பா எழுதியது:

கடைசியாக ஒன்று. விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவோம் இல்லையா? அதில் ஸ்டெம் செல் இருக்கிறது, பிற்காலத்தில் பெரிய நோய் வந்தால் அதைக் கொடுத்துக் காப்பாற்றலாம், நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

சந்தேகசாமி எழுதியது:

முன்னோர் அப்படிச் சொல்லவே இல்லை, வாட்ஸ்அப் சொன்னது.

புறநோயாளி சீட்டு எழுதியது:

காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. ஸ்டெம் செல் சேமிப்பது என்பது பிரசவ நேரத்தில் கொடியிலுள்ள ரத்தத்தை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது, அது வேறு. பணம் கட்டி அதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே குழந்தைக்குப் பின்னால் பயன்படும் என்று தனியாரிடம் சேமித்து வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. அதைவிடக் கொடியை அறுப்பதை ஒரு நிமிடமாவது தள்ளிப்போட்டால் அந்த ரத்தம் இலவசமாகக் குழந்தைக்கே போய்ச் சேரும், இரும்புச் சத்துக்கு நல்லது.

மூத்த மருமகள் எழுதியது:

தாயத்து நம்பிக்கை, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கொடி முழுக்கக் காய்ந்த பிறகு அடையுங்கள், ஈரத்தோடு அடைத்தால் உள்ளே புழுத்துவிடும். அரைஞாணில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டவே வேண்டாம். பிள்ளை உடம்பு போடப் போட கயிற்றைத் தளர்த்த வேண்டும், இறுகிப் போன கயிற்றை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முக்கியமாக, ஆசாரியிடம் சொல்லித் தாயத்தின் மூடியைப் பற்றவைத்துவிடுங்கள். தவழும் வயதில் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும்.